எண்ணூறு அடிக்குக் கீழே

1

மூன்று வருடத்துக்கு முன், ஏப்ரல் மாதத்தில் ஒரு திங்கட்கிழமை, எங்கள் அலுவலகத்தில் எல்லோரும் என் ஊர் வீட்டில் தீப்பிடித்துவிட்டதாக நினைத்துக்கொண்டார்கள். தப்பு என் நாக்கினுடையது. டேனிஷ் மொழியில் கிணற்றுக்கும் தீவிபத்துக்கும் நடுவில் ஓர் உயிரெழுத்துதான் வித்தியாசம். அந்த எழுத்து எனக்கு இன்றுவரை வாய்க்கவில்லை. "ஊரில் அக்காவின் கிணறு நின்றுபோய்விட்டது" என்று சொல்லப்போனேன். தீ நின்றுவிட்டது என்று அவர்கள் காதில் விழுந்திருக்கிறது. பக்கத்து மேசை பிர்கிட்டெ நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, "நல்லவேளை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே?" என்றாள்.

திருத்தலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள் கேக் வந்துவிட்டது. நான் அந்த நகராட்சியில் வேலைக்குச் சேர்ந்து அன்றோடு இருபத்தைந்து வருடம். இங்கே அதை ஒரு விழாவாக வைப்பார்கள். என் மேசைமேல் சின்னதாக ஒரு சிவப்பு வெள்ளைக் கொடி நட்டிருந்தார்கள். மேலதிகாரி என் பெயரை எழுதிவைத்துப் படித்தார். அப்படியும் தப்பாகத்தான் வந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். எரியாத வீட்டுக்காக நாலு பேர் வந்து தோளைத் தொட்டு ஆறுதல் சொன்னார்கள். நானும் நன்றி சொல்லிவிட்டு கேக்கைச் சாப்பிட்டேன்.

என் வேலை என்னவென்று ஊரில் கேட்பவர்களுக்கு ஒரே வரியில் சொல்வேன்: பூமியிலிருந்து யார் எவ்வளவு தண்ணீர் எடுக்கலாம் என்று அனுமதி கொடுப்பது. இது டென்மார்க்கின் மேற்குப் பக்கம். மணல் பூமி. உருளைக்கிழங்குக்குக் கோடையில் தண்ணீர் பாய்ச்சியே ஆக வேண்டும். சொந்த நிலமாக இருந்தாலும் நகராட்சியைக் கேட்காமல் ஒரு குழாய் இறக்க முடியாது. விண்ணப்பம் கணினியில் வரும். வரைபடத்தைப் பார்ப்பேன், பக்கத்து ஓடையைப் பார்ப்பேன், கணக்கைப் போட்டுப் பார்ப்பேன். கொடுக்கலாம் அல்லது கூடாது என்று எழுதுவேன். பதிலும் கணினியிலேயே போய்விடும். கேட்டவர் முகம் எனக்குத் தெரியாது, என் முகம் அவருக்குத் தெரியாது. மனைவி கோகிலா இறந்த பிறகு, வீட்டுக்குப் போனாலும் முகம் என்று ஒன்று கிடையாது.

மதியம் அக்காவுக்குப் போன் செய்தேன்.

"ரெண்டு நாளா போரு வெறுங் காத்தத்தான் தள்ளுது, கண்ணு. மோட்டார நிறுத்திப்போட்டேன்," என்றாள் சரசக்கா. "நீ வெசனப்படாத. உனக்கு அங்க என்ன நாயம்?"

எங்கள் கொங்குப் பக்கம் நாயம் என்றால் பேச்சு. சேதி என்றும் சொல்லலாம். நியாயம் என்பதற்கும் அதே சொல்தான்.

"எனக்கு இன்னிக்குக் கேக் வெட்டுனாங்க, அக்கா," என்றேன்.

2

காங்கேயத்திலிருந்து தாராபுரம் போகிற பக்கம் எங்கள் ஊர். அப்பா விட்டுப்போன தோட்டம் இன்னும் பாகம் பிரிக்காமல் அக்கா பேரிலும் என் பேரிலும் இருக்கிறது. மாமா காலமான பின் அக்கா ஒருத்தியாகத்தான் பண்ணயம் பார்க்கிறாள். எல்லோரையும் போல அவளும் தென்னை வைத்தாள். தேங்காய்க் களங்களும் எண்ணெய் மில்லும் சுற்றிலும் இருக்கையில் வேறு எதை வைப்பார்கள்?

எங்கள் தோட்டத்துக்கு அடுத்த தோட்டம் சுப்பிரமணியுடையது. எனக்குப் பள்ளிக்கூடத்துத் தோழன், தூரத்துப் பங்காளி. அவன் ஆயிரம் அடிக்கு மேல் போர் போட்டு, லாரி ஒன்று வாங்கி, தண்ணீர் விற்றுக்கொண்டிருந்தான். மில்லுகள் வாங்கின. புதிதாகக் கட்டிய வீடுகள் வாங்கின. கோடையில் லாரி நிற்காமல் ஓடும். அவன் ஆழம் போன பிறகு பக்கத்துக் கிணறுகள் இறங்கின. அவர்கள் இன்னும் ஆழம் போனார்கள். அதனால் வேறு சிலருடையது இறங்கியது. ஊரில் எந்நேரமும் எங்காவது ஒரு ரிக் வண்டி பாறையைக் குடைகிற சத்தம் கேட்கும் என்பாள் அக்கா.

அந்த ஈஸ்டர் விடுமுறைக்கு என் மகன் அருள் கோபன்ஹேகனிலிருந்து வந்திருந்தான். முதலீட்டு நிறுவனம் ஒன்றில் வேலை. இங்கேயே பிறந்தவன். தமிழ் புரியும், பேசும்போது சொற்கள் பாதி வழியில் நின்றுவிடும்.

"அத்தையோட கிணறு செத்துப்போச்சா அப்பா?" என்று கேட்டான். வற்றுவது என்ற சொல் அவனுக்குத் தெரியாது. நானும் திருத்தவில்லை.

சுப்பிரமணி கதையைச் சொன்னேன். இங்கே மாதிரி அங்கேயும் அனுமதி என்று ஒன்று வைத்தால்தான் சரிப்படும் என்றேன். சாப்பிட்டுக்கொண்டிருந்த அருள் தட்டிலிருந்து நிமிர்ந்தான்.

"அப்பா, பாஷையை யாராச்சும் பிளான் பண்ணினாங்களா? காசை? சந்தையை? எல்லாம் தானா வளர்ந்ததுதானே. எது வேலை செஞ்சதோ அது நின்னுச்சு, செய்யாதது போயிடுச்சு. சமூகமும் உயிர் மாதிரிதான். நீங்க ஆபீஸ்ல உக்காந்துட்டு இது கூடாது, அது கூடாதுன்னா, அது வளர்றதைத் தடுக்கறீங்க."

"அப்ப சுப்பிரமணி விக்கறது சரி?"

"வாங்க ஆள் இருக்கு. தண்ணி குறைஞ்சா விலை ஏறும். விலை ஏறினா ஜனங்க சிக்கனமா இருப்பாங்க. தென்னைக்குக் கட்டுபடியாகலைன்னா தென்னை போகட்டும். அந்த மண்ணுக்கு அது சரியான மரம் இல்லைன்னுதானே அர்த்தம்?"

"அத்தை?"

"அத்தை வேற ஏதாச்சும் செய்வாங்க. மாறணும். அதுதானே..." சொல் கிடைக்கவில்லை. டேனிஷில் சொன்னான். பரிணாமம்.

அவன் கொடுமைக்காரன் இல்லை. அத்தை மேல் பிரியம் உள்ளவன்தான். தென்னை விஷயத்தில் அவன் சொன்னது சரி என்பதுதான் எனக்குச் சங்கடமாக இருந்தது. வானம் பார்த்த பூமியில் தென்னை நிற்பதே ஆழ்துளைக் கிணற்றின் தயவில்தான். வேளாண்மை படித்த எனக்கு அது தெரியாதா? ஆனாலும் அவன் பேச்சில் ஏதோ இடித்தது. என்னவென்று அன்றைக்குச் சொல்ல வரவில்லை. மறுநாள் அவன் ரயிலேறிப் போன பிறகுதான், பதில் சொல்வது போல ஒன்று தோன்றியது.

என் வீட்டுக்குப் பின்னால் அரசாங்கம் நட்ட ஊசியிலை மரக்காடு ஒன்று உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே தனியாக நடப்பேன். மரங்கள் நெருக்கிக்கொண்டு வானத்துக்குப் போகும். உச்சியில் மட்டும் கொஞ்சம் பச்சை. கீழே முழுக்க வெறும் கட்டை. ஒரு மரத்துக்கு அத்தனை உயரம் எதற்கு? பக்கத்து மரம் உயர்ந்துவிட்டது, அதற்காகத்தான். எல்லா மரமும் ஆள் உயரத்தில் நின்றிருந்தாலும் ஒவ்வொன்றுக்கும் இதே வெயில்தான் கிடைத்திருக்கும். இத்தனை கட்டையைச் சுமந்தும் ஒன்றுக்கும் ஒரு கதிர் கூடுதலாக வரவில்லை. பரிணாமம் இதையும்தான் செய்கிறது. மரங்கள் கூடிப் பேசி, இதற்கு மேல் வேண்டாம் என்று முடிவெடுக்க முடியாது. எங்கள் ஊர்க்காரர்களுக்கு வாய் இருக்கிறதே என்று நினைத்தேன். மரங்கள் உயரத்துக்குப் போட்டி போடுகின்றன, இவர்கள் ஆழத்துக்கு.

அருளிடம் சொல்லலாம் என்று போனை எடுத்தேன். அவன் எடுக்கவில்லை. குறுஞ்செய்தி வந்தது: மீட்டிங்கில் இருக்கிறேன்.

3

என் யோசனைக்காக ஊர் காத்திருக்கவில்லை. அடுத்த வாரமே அக்கா, தோட்டம் வைத்திருக்கிறவர்களை எல்லாம் பால் சொசைட்டிக்கு முன்னால் கூட்டிவிட்டாள். நானும் கேட்கட்டும் என்று போனை ஸ்பீக்கரில் போட்டு ஒரு பால் கேன்மேல் வைத்திருந்தாள். நான் அலுவலகத்தின் சின்ன அறை ஒன்றில் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டேன்.

"எண்ணூறு அடிக்குக் கீழ யாரும் போகக் கூடாது. ஏற்கெனவே போனவிய, தை பொறந்து ஆடி முடியற வரைக்கும் லாரிக்கு விக்கக் கூடாது. எனக்குத் தோணுனது இதுதானுங்க. நீங்க உங்க நாயத்தச் சொல்லுங்க," என்றாள் அக்கா.

சுப்பிரமணி குரல்: "என்ற நெலம், என்ற போரு. காங்கயத்துல கேக்கறாங்க, நான் விக்கறேன். திருட்டா? உங்களுக்கு முடிஞ்சா நீங்களும் ஆழத்துக்குப் போங்க. முடிஞ்சவன் பண்ணயம் பாக்கட்டும், முடியாதவன் வித்துப்போட்டு வேற வேலை பாக்கட்டும். ஒலகமே அப்படித்தான் போகுதுங்க்கா."

சோற்றுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து என் மகன் சொன்னதையேதான் அவனும் சொன்னான்.

"செரி சுப்பு," என்றாள் அக்கா. "நீ ஆயிரம் போனே. நான் ஆயிரத்து எரநூறு போறேன். மறுக்கா நீ ஆயிரத்து ஐநூறு போவே. கடைசில நீயும் பொழைக்க மாட்டே, நானும் பொழைக்க மாட்டேன். ரிக்கு வண்டிக்காரன் ஒருத்தன்தான் பொழைப்பான்."

சிரிப்புச் சத்தம் கேட்டது. அதன் நடுவில் கொஞ்சம் தூரத்திலிருந்து ஒரு பெண் குரல் வந்தது. பிறகுதான் தெரிந்தது, காலனியிலிருந்து வந்த ராசாத்தி. பல தோட்டங்களில் வேலைக்குப் போகிறவள். கூட்டத்துக்கு அவளை யாரும் கூப்பிடவில்லை.

"ஏனுங்க, நீங்க ஆளாளுக்கு ஆழம் போனப்ப மொதல்ல நின்னது எங்க அடிபைப்புங்க. நாங்க கொடத்தத் தூக்கிட்டு ரோட்டுக்குப் போயி ரெண்டு வருசமாச்சு. அப்ப யாரும் கூட்டம் போடலீங்களே. தோட்டம் இருக்கறவியளுக்கு மட்டுந்தானுங்களா தாகம்?"

சிரிப்பு நின்றுவிட்டது. யாரோ இருமினார்கள். இணைப்பு அறுந்துவிட்டதோ என்று நான் போனைத் தட்டிப் பார்த்தேன்.

"அவ சொல்றதுதான் நாயம்," என்றாள் அக்கா கடைசியில். "மொதல் தண்ணி குடிக்கறதுக்கு. பள்ளத்துல இருக்கற பொதுக் கெணத்துல இருந்து காலனிக்குப் பைப்பு போட்டுட்டு அப்பறம் மத்ததப் பேசுவோம்."

சுப்பிரமணி எழுந்து போய்விட்டான் என்று அக்கா பிற்பாடு சொன்னாள். அவன் இல்லாமல் ஒன்றும் நடக்காது. ஆனால் ஒரு வாரம் கழித்து அவனாகவே வந்து, எல்லோரும் கட்டுப்படுவதானால் தானும் கட்டுப்படுவதாகச் சொல்லியிருக்கிறான். ஏன் என்று யாருக்கும் புரியவில்லை. எல்லோரும் கட்டுப்பாட்டை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டார்கள்.

"என் கையெழுத்து வேண்டாமா அக்கா? நிலம் என் பேர்லயும் இருக்கே," என்றேன்.

அக்கா கொஞ்சம் தயங்கினாள். "நான் போட்டுட்டனே, கண்ணு. ஊருல இருக்கறவியதான் போட்டாங்க. நீ இங்க இல்லீல்ல."

அவள் எந்த உள்நோக்கத்தோடும் சொல்லவில்லை. அன்று மாலை காட்டுக்குள் நடக்கப் போனபோது, வழக்கமான பாதையைத் தாண்டி வெகுதூரம் போய்விட்டேன்.

4

கட்டுப்பாடு முதல் கோடையில் குலையாமல் நின்றது. சுப்பிரமணியின் லாரி தையிலிருந்து ஆடி வரை வாசலிலேயே கிடந்தது. காலனியில் தண்ணீர் வந்தது. எங்கள் தோட்டத்தில்தான் வரவில்லை. அக்கா எண்ணூறு அடி வரை இறக்கிப் பார்த்தாள். பாறைத்தூள்தான் புகையாக வந்தது. அடுத்த கோடைக்குள் தென்னங்குருத்துகள் மடிய ஆரம்பித்தன. வீடியோவில் காட்டினாள். பச்சை மட்டைகள் குடை மடக்கியது போல மரத்தோடு ஒட்டித் தொங்கின.

"இன்னும் முந்நூறு அடி போனா கண்டிப்பா வரும்னு நீரோட்டம் பாக்கறவர் சொல்றாரு," என்றாள்.

"போடுங்க அக்கா. செலவு என்னோடது. மரம் போயிட்டா மறுபடியும் வருமா?"

"நான் வெச்ச கட்டு, கண்ணு."

"நீங்க விக்கப் போறதில்லையே. மரத்தைக் காப்பாத்தத்தானே? சொன்னா புரிஞ்சுக்குவாங்க."

"புரிஞ்சுக்குவாங்க. அப்பறம் அவியளுக்கும் காப்பாத்தறதுக்கு ஒண்ணொண்ணு இருக்கும். நானும் புரிஞ்சுக்கோணும். ராசாத்தி ஊட்டுத் தண்ணியும் இந்தப் பாறைக்குள்ளதான் இருக்குது."

நான் அத்தோடு விடவில்லை. இந்த ஊர்க்கட்டு அரசாங்கத்தில் பதிவானால் நல்லது, விதிவிலக்குக்கும் முறையான வழி பிறக்கும் என்று தாலுகா அலுவலகத்துக்குப் போகச் சொன்னேன். கட்டுப்பாட்டின் நியாயங்களை நானே தமிழில் எழுதி அனுப்பினேன். டேனிஷில் தினமும் எழுதுகிற வாக்கியங்கள். தமிழில் எழுதும்போது ஒவ்வொரு வரியும் கால் இடறியது. அக்கா அதை எடுத்துக்கொண்டு இரண்டு தடவை போனாள். முதல் தடவை ஆள் இல்லை. இரண்டாம் தடவை இருந்தவர் மரியாதையாகவே சொல்லி அனுப்பினாராம்: "நீங்களா பேசி வெச்சுக்கறதுக்கு நாங்க என்னங்கம்மா பண்றது? நல்லதுதானுங்க. அப்படியே நடத்துங்க."

மரங்களை வெட்டிவிடலாம் என்று அக்கா முடிவு செய்தபோது, நான் விடுப்பு எழுதிக்கொடுத்துவிட்டுக் கிளம்பினேன். வருகிறாயா என்று அருளைக் கேட்டேன். இந்த மாதம் முடியாது என்றான்.

5

கோயமுத்தூரில் இறங்கிப் பேருந்து பிடித்துத் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது முதல் வரிசை விழுந்திருந்தது. மரம் அறுக்கிற மெஷின் சத்தத்தில் யாரும் பேச முடியவில்லை. ஊர்க்காரர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். வேலைக்கு இல்லை, சும்மாதான். ஒரு சாவு வீட்டுக்கு வருவது போல வந்து, அக்கா பக்கத்தில் சித்த நேரம் நின்றுவிட்டுப் போனார்கள். ராசாத்தி வந்து எல்லோருக்கும் மோர் ஊற்றினாள். சுப்பிரமணி விடிந்ததிலிருந்து அங்கேதான் இருந்தானாம். கயிறு கட்டி மரத்தைச் சரியான பக்கம் சாய்க்கிற வேலையைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்துக் கும்பிட்டான்.

"வாங்க. நல்லா இருக்கீங்களா? எப்பங்க மறுக்கா கெளம்பறீங்க?"

பள்ளிக்கூடத்தில் என்னை டா போட்டுக் கூப்பிட்டவன். எங்கள் பக்கத்து மரியாதை இனிப்பானது என்று வெளியூர்க்காரர்கள் புகழ்வார்கள். அது ஒறம்பரைக்கு, வந்து போகிற விருந்தாளிக்கு, கொடுக்கிற மரியாதை என்று வாங்கிக்கொள்ளும்போதுதான் தெரிகிறது. நான் ஒறம்பரை ஆகிவிட்டேன்.

மூன்றாம் நாள் காலை, ரிக் வண்டி ஒன்று எங்கள் தோட்டத்துக்குப் பின்னால் போகிற இட்டேரிக்கு வந்தது. இரண்டு பக்கமும் கிளுவை வேலி நிற்கிற குறுகலான மண்பாதை அது. பாதை முடிவில் கோயமுத்தூரில் வேலை பார்க்கும் ஒருவர் சமீபத்தில் நிலம் வாங்கியிருந்தார். அவர் பெயர் இங்கே வேண்டாம். பண்ணை வீடு கட்டி, பழமரம் வைக்க ஆசைப்பட்டவர். ஆயிரத்து இருநூறு அடிக்குச் சொல்லியிருந்தார்.

அக்காவும் நானும் போய்ச் சேர்வதற்குள் சுப்பிரமணி தன் தண்ணீர் லாரியைக் கொண்டுவந்து இட்டேரியின் குறுக்கே நிறுத்தி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, நிழலில் உட்கார்ந்திருந்தான். கொஞ்ச நேரத்தில் ஊரே கூடிவிட்டது. நிலத்துக்காரர் காரில் வந்து இறங்கினார்.

"என் நிலம். என் காசு. எந்தச் சட்டத்துல இது தப்புன்னு காட்டுங்க, நான் போயிடறேன்," என்றார்.

நான் முன்னால் போனேன். இதுதான் என் தொழில் அல்லவா? நீர்மட்டம், பாறை வெடிப்பு, பொதுவளம், மற்ற நாடுகளில் உள்ள நடைமுறை என்று எடுத்துச் சொன்னேன். என் தமிழே எனக்கு ஏதோ அறிக்கை வாசிப்பது போலக் கேட்டது. எல்லோரும் பணிவாகக் கேட்டுக்கொண்டார்கள். "செரிங்க, செரிங்க" என்றார்கள். முடித்ததும் ஒருவரும் அதைத் தொட்டுப் பேசவில்லை.

"சட்டத்துல தப்பில்லீங்க," என்றான் சுப்பிரமணி, உட்கார்ந்தபடியே. "நானும் இதையேதானுங்க சொன்னேன். வார்த்தை மாறாம. ஆனா லாரிய நிறுத்திப்போட்டனுங்களே. நான் நிறுத்துனது நீங்க ஓட்டறதுக்குங்களா?"

"நான் எதுலயும் கையெழுத்துப் போடலையே!"

"போடலீங்க. வந்து பாத்துட்டுப் போடுங்க," என்றாள் அக்கா. அவரை எங்கள் தோட்டத்துக்கு அழைத்துப் போனாள். வெட்டின கட்டைகள் வரிசையாகக் கிடந்தன. வெயிலை மறைக்க ஒரு மட்டைகூட இல்லை. "இன்னும் முந்நூறு அடி போயிருந்தா இது அத்தனையும் நின்னிருக்கும், தம்பி. உங்களுக்குக் குடிக்க, பொழங்க, பத்து மரத்துக்கு ஊத்தத் தண்ணி நாங்க தர்றோம். ஆழம் மட்டும் வேண்டாம்."

அவர் வெகுநேரம் கட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பி வந்து காரில் ஏறி, கண்ணாடிகளை ஏற்றிக் கதவைப் பூட்டிக்கொண்டார். ஊரார் அத்தனை பேருக்கு நடுவில் அவர் ஒருத்தர். யாரும் அவரைத் தொடவில்லை, ஒரு தடித்த வார்த்தை விழவில்லை, கடைசிவரை எல்லோரும் ங்க போட்டுத்தான் பேசினார்கள். இருந்தாலும் அவர் பயந்துபோயிருந்தார். வலுத்தவன் ஆழம் போவது ஒரு வலு என்றால், போகாதே என்று வழியை மறிப்பதும் ஒரு வலுதான். அதை நான் அதுவரை நேரில் பார்த்ததில்லை. எங்கள் அலுவலகத்தில் அது கடைசி வரியில் இரண்டு சொல்லாகத்தான் இருக்கும்: அனுமதி மறுக்கப்படுகிறது.

ரிக் வண்டி பின்னாலேயே இட்டேரியை விட்டு வெளியே போயிற்று.

6

கிளம்புவதற்கு முந்தின நாள் மாலை பொழுதோட சுப்பிரமணி வீட்டுக்குப் போனேன். மூன்று வருடமாக மனதில் இருந்த கேள்வியைக் கேட்டேன். அன்றைக்குக் கோபமாக எழுந்து போனவன் ஏன் திரும்பி வந்தான்?

காபியை ஆற்றிக்கொண்டே சொன்னான். "எங்க போரும் இறங்கிட்டுத்தானுங்க இருந்துது. வெளிய சொல்லலீங்க. ஒவ்வொரு வருசமும் பைப்பு சேத்துவேன். நிறுத்தலாம்னு நெனப்பேன். நான் நிறுத்துனா அந்தத் தண்ணிய அடுத்தவன் உறிஞ்சி விப்பான், நான்தான் ஏமாளி. அதனால மறுக்கா ஓட்டுவேன். உங்கக்கா கூட்டம் போட்டப்ப எரிச்சலாத்தான் வந்துது. ஊட்டுக்கு வந்து ரோசன பண்ணிப் பாத்தனுங்க. எல்லாத்தையும் ஒண்ணாக் கட்டிப்போட்டா எனக்கும் நிம்மதிதானுங்களே. நான் நல்லவனாகி நிறுத்தலீங்க. தனியா நல்லவனா இருக்கறது கட்டுபடியாகாதுங்க."

"வருமானம்?"

"கம்மிதானுங்க. கோழிப்பண்ணை ஒண்ணு பாக்கறேன். அதுலயும் வேற ஒருத்தரு வெலைய வெக்கறாரு, நாம வளக்கறோம். அங்கயும் ஒரு நாளைக்குக் கூட்டம் போடோணும்." சிரித்தான்.

டென்மார்க் திரும்பிய பிறகு அருளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இந்தத் தடவை அவன் போனை எடுத்தான். கடைசிவரை கேட்டான்.

"அத்தை இப்ப என்ன பண்றாங்க?"

"தோட்டத்தைப் புல்லுக்கு விட்டுட்டாங்க. மாடு வாங்கப் போறாங்க."

"நான் சொன்னேன்ல, மாறுவாங்கன்னு."

"சொன்னே. ஆனா மாறணும்னு அவங்கதான் முடிவு பண்ணினாங்க. ராசாத்தி வீட்டுப் பைப்பு நிக்கக் கூடாதுன்னு."

"அந்த ஆளை எல்லாரும் சேர்ந்து மறிச்சது சரியா அப்பா? அவர் யாருக்கும் வாக்குக் கொடுக்கலையே."

நல்ல கேள்வி. இயற்கை அப்படித்தான் என்று அவனும் பதில் சொல்லிக்கொள்ள முடியாது. ஊர் அப்படித்தான் முடிவு செய்தது என்று நானும் தப்பித்துக்கொள்ள முடியாது. "தெரியலை," என்றேன். "அவர் இன்னும் வேண்டாம்னும் சொல்லலை, சரின்னும் சொல்லலை. வண்டி மட்டும் திரும்பி வரலை."

வேறு ஓர் அழைப்பு வருகிறது என்றான். வைத்துவிட்டோம்.

7

இந்த ஜூன் மாதத்தில் என் கணினிக்கு ஒரு விண்ணப்பம் வந்தது. ஹென்ரிக் என்ற உருளைக்கிழங்கு விவசாயி. மழை இல்லை, கூடுதல் தண்ணீர் வேண்டும் என்று கேட்டிருந்தார். கணக்குப் போட்டேன். அவர் கேட்ட அளவு எடுத்தால், நிலத்தை ஒட்டி ஓடுகிற ஓடை கோடையில் நின்றுவிடும். அதில் மீன் இருக்கிறது, கீழே வேறு ஆட்களும் இருக்கிறார்கள். கூடாது என்று எழுதி அனுப்பினேன். அத்தோடு என் வேலை முடிந்தது.

இட்டேரியில் காரில் ஏறிய மனிதரின் முகம் நினைவில் நிற்க, அன்றைக்கு என்னால் அடுத்த விண்ணப்பத்தைத் திறக்க முடியவில்லை. மதியம் காரை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். யாரும் என்னை அனுப்பவில்லை. அப்படிப் போகிற வழக்கமும் எங்கள் அலுவலகத்தில் இல்லை.

என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர்தான் கதவைத் திறந்தார். நான் யாரென்று சொன்னேன்.

"பதில் வந்துவிட்டது. மேல்முறையீடு எங்கே செய்வது என்றும் அதிலேயே இருக்கிறது. நீங்கள் எதற்கு வந்தீர்கள்?"

"நிலத்தைப் பார்க்கலாம் என்று."

"பார்த்தால் முடிவு மாறுமா?"

"மாறாது."

என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு உள்ளே போய் ரப்பர் பூட்ஸ் ஒரு ஜோடி கொண்டுவந்து என் முன்னால் போட்டார்.

நிலம் முழுக்க நடந்தோம். செடிகள் இலையைச் சுருட்டிக்கொண்டு நின்றன. ஓர் இடத்தில் குனிந்து ஒரு செடியைப் பிடுங்கிக் காட்டினார். வேரில் கோலிக்குண்டு அளவில்தான் கிழங்கு. ஓடைக்கரைக்கு வந்ததும் நின்றார்.

"இதற்காகத்தானே?"

"ஆமாம்."

"நல்ல மீன்தான்," என்றார் கசப்போடு. "நானே சின்ன வயதில் பிடித்திருக்கிறேன்." ஓடையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "உங்கள் அலுவலகத்திலிருந்து இதுவரை ஒருவரும் இங்கே வந்ததில்லை," என்றார்.

திரும்பி வரும்போது வீட்டை ஒட்டிய சின்னப் பாத்தியில், தன் சாப்பாட்டுக்கென்று போட்டிருந்த புதுக் கிழங்கைத் தோண்டி ஒரு பையில் போட்டு நீட்டினார். அதிகாரி எதையும் வாங்கக் கூடாது என்று விதி இருப்பதைச் சொன்னேன்.

"இதற்குமா?"

"இதற்கும்."

பையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "அப்படியானால் வேகவைத்துத் தருகிறேன், உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போங்கள். அதற்கும் விதி இருக்கிறதா?"

இருக்கக்கூடும். எனக்குச் சரியாகத் தெரியவில்லை. பூட்ஸைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு உள்ளே போனேன். அவர் வீட்டிலும் வேறு யாரும் இல்லை. அடுப்பில் தண்ணீர் கொதிக்கிற வரை இருவரும் மேசையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தோம். பிறகு அவர் வெண்ணெயையும் உப்பையும் என் பக்கம் நகர்த்தி வைத்தார்.